கல்பாசி: பாசியும் அல்ல, பூவும் அல்ல

செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூவோடு சேர்ந்து விழும் ஒரு கருஞ்சருகு உண்டு. மளிகைக் கடையில் அதன் பெயர் கல்பாசி. வீட்டுக்கு வீடு இருக்கும் இந்தப் பொருளைப் பற்றி ஆளுக்கொரு கருத்து நிலவுகிறது. காளான் வகை என்கிறார் ஒருவர். கடற்கரையில் எடுப்பது என்கிறார் இன்னொருவர். பூஞ்சை பிடித்த மரப்பட்டை என்று எண்ணித் தூக்கி எறிந்தவர்களும் இருக்கிறார்கள்.

கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சை ஒன்றும் ஆல்கா வகைப் பாசி ஒன்றும் சேர்ந்து ஓருடலாக வாழும் கூட்டுயிரி. மசாலாப் பொருள்களில் மிளகுக்குக் கொடி உண்டு, ஏலத்துக்குத் தோட்டம் உண்டு, கிராம்புக்கு மரம் உண்டு. கல்பாசிக்கு மட்டும் வயலும் இல்லை, விதையும் இல்லை. காற்றையும் மழையையும் தின்று, காட்டு மரங்களின் மேல் தானாக வளர்வது அது. அதன் மணம், விலை, அதை உண்பதில் உள்ள ஐயங்கள், அதன் எதிர்காலம் எல்லாமே இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைப்பவை.

பெயர் தரும் நான்கு குழப்பங்கள்

1. பாசி என்ற சொல். குளத்தில் படர்வதும் பாசி, மழைக்காலச் சுவரில் பச்சை வெல்வெட்டாகப் படிவதும் பாசி, கடலில் எடுப்பதும் பாசி. தமிழில் இச்சொல் ஈரத்தில் படரும் எதற்கும் பொது. அறிவியலில் இவை வேறு வேறு குலங்கள். சுவரில் இருப்பது பெரும்பாலும் மாஸ் எனப்படும் சிறு தாவரம். குளத்தில் இருப்பது ஆல்கா. கல்பாசி இரண்டிலும் சேராது. அதன் உடலில் பெரும்பகுதி பூஞ்சைதான்.

2. கடல்பாசி. நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்து, உறையவைத்து, துண்டுபோடும் கடல்பாசி அகர் எனப்படும் கூழ்ப்பொருள். அது சிவப்பு ஆல்காவிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாக் கரையோரங்களில் இந்த ஆல்காக்களைச் சேகரிக்கும் தொழிலே உண்டு. எழுத்தில் இரண்டு பெயர்களும் நெருக்கமாக இருப்பதால் மாற்றி வாங்குகிறவர்கள் உண்டு. கல்பாசியை எத்தனை நேரம் கொதிக்கவைத்தாலும் உறையாது.

3. கல் என்ற சொல். மராட்டியில் தகட் பூல், இந்தியில் பத்தர் கே பூல், கன்னடத்தில் கல்லு ஹூவு, தெலுங்கில் ராத்தி புவ்வு. எல்லா மொழிகளும் கல்லைத்தான் சொல்கின்றன. வடமொழி மருத்துவ நூல்களில் வரும் சைலேயம் என்ற பெயரிலும் மலையும் பாறையும்தான் இருக்கின்றன. சந்தைக்கு வருவதிலோ பெரும்பங்கு மரக்கிளைகளிலிருந்து உரித்தது. கடையில் வாங்கிய கல்பாசியை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் இது தெரியும்: ஒட்டிக்கொண்டு வரும் குப்பை மரப்பட்டைச் சில்லுதான், கல் துணுக்கு அரிது.

4. பூ என்ற சொல். சுருண்ட விளிம்பு இதழ்போல் தெரிவதால் வந்த பெயர். இதற்குப் பூவும் இல்லை, காயும் இல்லை, உண்மையான வேரும் இலையும்கூட இல்லை.

லைக்கன் என்றால் என்ன?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை லைக்கன்களை ஒரு தனித் தாவரக் குலமாகவே கருதினார்கள். 1867இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஷ்வெண்டனர் அந்த நம்பிக்கையை உடைத்தார். நுண்ணோக்கியில் தெரியும் பச்சை உருண்டைகள் ஒரு பாசி என்றும், அவற்றைச் சுற்றிப் பின்னியிருக்கும் நிறமற்ற இழைகள் ஒரு பூஞ்சை என்றும், லைக்கன் என்பது இவ்விரண்டின் சேர்க்கை என்றும் அவர் அறிவித்தார். பூஞ்சையை எஜமானாகவும் பாசியை அடிமையாகவும் அவர் வருணித்தது அக்கால அறிஞர்களுக்கு எரிச்சலூட்டியது. லைக்கன் ஆய்வில் அன்று பெரும்பெயர் பெற்றிருந்த வில்லியம் நைலாண்டர் கடைசிவரை அதை ஏற்கவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டோன் டி பாரி, வெவ்வேறு உயிர்கள் ஒன்றுகூடி வாழ்வதைக் குறிக்க ஒரு சொல்லைப் பரப்பினார். அதைத்தான் இன்று பாடநூல்களில் கூட்டுயிர் வாழ்வு என்று படிக்கிறோம். லைக்கன்தான் அந்தச் சொல்லுக்கு முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

பங்காளிகள் செய்யும் வேலை இதுதான்:

1. பாசி சமைக்கிறது. கல்பாசிக்குள் இருப்பது டிரெபூக்சியா என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசி. ஒளிச்சேர்க்கையில் அது உண்டாக்கும் மாவுச்சத்தின் பெரும்பங்கு ரிபிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருளாகப் பூஞ்சைக்குக் கசிகிறது.

2. பூஞ்சை வீடு கட்டுகிறது. கடும் வெயிலை வடிகட்டும் கூரை, நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு, மரத்தைப் பற்றிக்கொள்ளும் இழைகள் எல்லாம் அதன் வேலை. பெயரும் அதற்கே: லைக்கனுக்கு இடும் அறிவியல் பெயர் உண்மையில் அதிலுள்ள பூஞ்சையின் பெயர்.

இந்தக் கூட்டு எப்போது அமைகிறது என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. அமெரிக்க ஆய்வாளர் வெர்னன் அகமஜியன் 1960களில் பூஞ்சையையும் பாசியையும் தனித்தனியே பிரித்து வளர்த்து, மீண்டும் சேர்த்துவைத்துப் பார்த்தார். சத்துள்ள ஊடகத்தில் வைத்தால் இரண்டும் தத்தம் வழியில் வளர்ந்தன. ஊட்டம் குறைந்து, ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தபோதுதான் பூஞ்சை இழைகள் பாசியை அணைத்து லைக்கன் உருவம் எடுத்தன. பஞ்சம்தான் இவற்றைச் சேர்த்துவைக்கிறது. கல்பாசியை உரம் போட்டு வளர்க்க முடியாததற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது.

கதை இரண்டு பேரோடு முடியவுமில்லை. 2016இல் டோபி ஸ்ப்ரிபில் தலைமையிலான குழு, கல்பாசி சேர்ந்திருக்கும் பார்மீலியேசி குடும்பத்தின் பல லைக்கன்களில் வெளி அடுக்கான புறணிக்குள் ஒரு ஈஸ்ட் வகையும் குடியிருப்பதைக் கண்டறிந்தது. அதன் வேலை என்ன என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. தவிர, எந்த லைக்கனை எடுத்தாலும் அதனுள் பாக்டீரியாக் கூட்டமும் உண்டு. ஓர் உயிர் என்று விரலால் சுட்டுவதைவிட, ஒரு குட்டி ஊர் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒரு துண்டை உற்றுப் பார்த்தால்

கல்பாசியின் அறிவியல் பெயர் பார்மோட்ரீமா பெர்லேட்டம். 1762இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹட்சன் இதை முதலில் விவரித்தார். ஆம், நம் மசாலாப் பெட்டியில் இருக்கும் அதே இனம் ஐரோப்பாவின் ஈரமான பகுதிகளிலும் மரங்களில் வளர்கிறது.

லைக்கன்களை உருவத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பது வழக்கம். சுண்ணாம்பு தெளித்ததுபோல் பரப்போடு ஒட்டிக்கிடப்பவை மேலோட்டு வகை. தென்னை, கமுகு மரங்களில் காணும் வெண்திட்டுகள் பெரும்பாலும் இவை. மீசைபோலவோ குட்டிப் புதர்போலவோ தொங்குபவையும் நிற்பவையும் புதர் வகை. தட்டையான மடல்களாக விரிந்து, கத்தி முனையால் நெம்பினால் உரிந்து வருபவை இலை வகை. கல்பாசி இலை வகை.

கடைத் துண்டு ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் சாம்பல் அல்லது வெளிறிய பச்சை. மறுபக்கம் நடுவில் கறுப்பு, விளிம்பை நோக்கிப் போகப்போகப் பழுப்பு. கறுப்புப் பக்கத்தில் நடுப்பகுதியில் குட்டையான கருமயிர்கள் நிற்கும். அவை மரத்தைப் பிடித்துக்கொள்ளும் பற்றிழைகள். நீரையோ சத்தையோ உறிஞ்சும் வேர்கள் அல்ல. விளிம்பையொட்டி மயிரற்ற வழவழப்பான ஒரு பட்டை ஓடும். மடலின் ஓரத்தில் மாவு ஒட்டியதுபோல் வெண்பொடி தெரிந்தால், அதைப் பூசணம் என்று தட்டிவிட வேண்டாம். அதுதான் கல்பாசியின் நாற்று. சில பாசிச் செல்களைச் சில பூஞ்சை இழைகள் பொதிந்துகொண்ட நுண்பொட்டலம் ஒவ்வொரு துகளும். காற்றிலோ மழைத்துளி தெறித்தோ பறந்து, ஈரமான பட்டையிடுக்கில் தங்கினால் புது மடல் தொடங்கும். பூஞ்சை தனியே வித்துகளையும் உண்டாக்கும். ஆனால் அந்த வித்து விழுந்த இடத்தில் தனக்குரிய பாசியைத் தேடிப் பிடித்தாக வேண்டும்; பொட்டலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

துண்டை ஒடித்தால் சாண்ட்விச் போன்ற அடுக்குகள் இருக்கும். மேலே இறுக்கமான புறணி, அதன் கீழே மெல்லிய பச்சைப் பாசி அடுக்கு, நடுவில் வெண்பஞ்சு, அடியில் கறுப்புப் புறணி. அதிக நாள் ஆகாத துண்டு என்றால் வெந்நீர்கூட வேண்டாம், சில சொட்டுப் பச்சைத்தண்ணீர் போதும்: சாம்பல் நிறம் கண்முன்னே பச்சையாக மாறும். மேல்புறணி நனைந்து ஒளி ஊடுருவும்படி ஆவதால், உள்ளே இருக்கும் பாசி வெளியே தெரிகிறது.

கடையில் விற்பது ஓர் இனமா?

பெரும்பாலும் இல்லை. கல்பாசி என்பது வணிகப் பெயர். அந்தப் பெயரில் வரும் சாக்கில் பார்மோட்ரீமாவின் பல இனங்களும் அவற்றின் உறவினர்களும் கலந்திருக்கும். பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம், பார்மோட்ரீமா டிங்டோரம், நீலகிரியின் பெயரையே தாங்கிய பார்மோட்ரீமா நீல்கெரென்ஸ், இமயத்தில் மிகுந்து கிடைக்கும் எவெர்னியாஸ்ட்ரம் சிர்ஹாட்டம் ஆகியவை அடிக்கடி வருபவை. நாடாபோல் ஒடுங்கிய, இருபுறமும் உள்நோக்கி மடிந்த துண்டுகள் இருந்தால் அவை கடைசியாகச் சொன்ன வகையாக இருக்கலாம். மரமீசை எனத்தக்க அஸ்னியாவின் மஞ்சள்பச்சை நூல்களும் சில சமயம் சிக்கும்.

இவற்றைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் சொட்டுச் சோதனை செய்கிறார்கள். நடுப்பஞ்சைச் சுரண்டி, அதன் மேல் சலவை வெளுப்பான் கரைசல் ஒரு துளி விட்டால் டிங்டோரம் குருதிச் சிவப்பாகிவிடும். அதிலுள்ள லெக்கனோரிக் அமிலத்தின் வேலை அது. டிங்டோரம் என்றாலே சாயக்காரர்களுக்கு உரியது என்று பொருள். பெர்லேட்டத்தில் அந்தச் சிவப்பு வராது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பட்டால் மஞ்சளாகி ஆரஞ்சு நிறத்துக்குப் போகும், ஸ்டிக்டிக் அமிலம் இருப்பதால்.

இது வெறும் பெயர்ச் சண்டையா? இல்லை என்பது என் கருத்து. இனம் மாறினால் உள்ளிருக்கும் வேதிப்பொருளும் மாறும், மணமும் மாறும். சென்ற மாதம் வாங்கியதில் இருந்த வாசனை இந்த மாதம் இல்லை என்று சமைப்பவர்கள் குறைசொல்லும்போது, பழைய சரக்கு என்பதோடு வேறு இனம் என்பதும் காரணமாக இருக்கக்கூடும்.

எங்கே வளர்கிறது?

உலகில் ஏறத்தாழ 20,000 லைக்கன் இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் மட்டும் 2,700க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. இந்தப் பட்டியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் லக்னோ பல்கலைக்கழகத்தின் தரணி தர் அவஸ்தி. அதே நகரில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் பெரிய லைக்கன் சேகரிப்புகளில் ஒன்றைப் பேணுகிறது. இனவளத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையும் இமயமலையும் முன்னிற்கின்றன.

கல்பாசிக்கு வேண்டியவை மூன்று: அடிக்கடி நனைதல், அளவான வெளிச்சம், தூய காற்று. மூன்றும் சேரும் இடம் மலை. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காட்டு ஓரங்கள், மூடுபனி தவழும் சரிவுகள், காபித் தோட்ட நிழல்மரங்கள், பழைய பழத்தோட்டங்கள் ஆகியவற்றில் பார்மோட்ரீமா வகைகள் நன்றாக வளர்கின்றன. சோலையின் இருண்ட உட்பகுதியில் குறைவு. ஒளி விழும் ஓரங்களிலும் உச்சிக் கிளைகளிலும் அதிகம். சொரசொரப்பான பட்டையுள்ள மரம் இதற்குப் பிடிக்கும். பட்டை அடிக்கடி உரிந்து விழும் யூகலிப்டஸ் போன்ற மரத்தில் நிலையாகக் குடியேறுவது கடினம். இமயத்தில் பாஞ்சு எனப்படும் ஓக் மரக்காடுகள் இதன் தாய்வீடு. உத்தராகண்ட் மக்கள் இத்தகைய லைக்கன்களை ஜூலா என்கிறார்கள்.

சமவெளியில் கல்பாசி கிடைக்காததற்கு வெப்பமும் வறட்சியும் முதற்காரணங்கள். நகரங்களில் கெட்ட காற்றும் சேர்ந்துகொள்கிறது.

நனைந்தால் உயிர், உலர்ந்தால் உறக்கம்

தாவரத்துக்கு மெழுகுத் தோல் உண்டு, நீர் வெளியேறாமல் மூடிக்கொள்ளும் இலைத்துளை உண்டு, மண்ணுக்குள் வேர் உண்டு. லைக்கனுக்கு இவை எதுவும் இல்லை. வெளியே ஈரம் இருந்தால் அதன் உடலிலும் ஈரம். வெளியே காய்ந்தால் அதுவும் காய்ந்து நொறுங்கும் சருகாகிவிடும். பெரும்பாலான செடிகளுக்கு அது சாவு. லைக்கனுக்கு அது வெறும் உறக்கம். உலர்ந்த நிலையில் சுவாசமும் ஒளிச்சேர்க்கையும் ஏறத்தாழ நின்றுவிடும். பனித்துளியோ மழையோ பட்டதும் சில நிமிடங்களில் வேலை தொடங்கிவிடும். பச்சைப் பாசியைக் கொண்ட லைக்கன்களுக்கு நீராகக்கூட வர வேண்டாம். காற்றில் ஈரப்பதம் மிகுந்தாலே ஒளிச்சேர்க்கைக்குப் போதும். இந்த உலர்திறன் எவ்வளவு உறுதியானது என்றால், 2005இல் ஐரோப்பிய விண்வெளி முகமை இரண்டு லைக்கன் இனங்களை விண்கலத்தின் வெளிப்புறத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் வெற்றிடத்திலும் கதிர்வீச்சிலும் வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்தபோது, அவை மீண்டும் ஒளிச்சேர்க்கை செய்தன.

ஆனால் இந்த வரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு நாளில் லைக்கன் விழித்திருந்து உணவு சமைக்கும் நேரம் மிகக் குறைவு. காலைப்பனி காயும்வரை சில மணி நேரம், மாலை மூடுபனியில் கொஞ்சம், அவ்வளவே. அதனால் வளர்ச்சி நத்தை வேகம். இலை வகை லைக்கன்கள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே விளிம்பில் நீளும்.

மரத்துக்குக் கேடு செய்கிறதா?

மா, காபி, ஆரஞ்சு பயிரிடுகிறவர்கள் கிளைகளில் லைக்கன் படர்வதைக் கண்டு கவலைப்படுகிறார்கள். சுண்ணாம்பு அடிக்கிறார்கள், தாமிர மருந்து தெளிக்கிறார்கள், சுரண்டி எடுக்கிறார்கள். லைக்கன் மரத்தைத் தின்பதில்லை. அதன் பற்றிழைகள் பட்டையின் செத்த வெளிப்புறத்தில்தான் நிற்கின்றன. சாறு ஓடும் உயிர்த்திசுவைத் தொடுவதில்லை. அது ஒட்டுண்ணி ஆகாது, தொற்றி வாழ்வது மட்டுமே. மரம் அதற்கு நிற்க இடம் தரும் கம்பம்.

காய்ந்துவரும் கிளைகளில் லைக்கன் மிகுந்திருப்பது உண்மைதான். அங்கே காரணமும் விளைவும் இடம் மாறிப் புரிந்துகொள்ளப்படுகின்றன. நோயாலோ முதுமையாலோ இலை உதிர்ந்த கிளையில் வெளிச்சம் கூடுகிறது, வெளிச்சம் கூடியதால் லைக்கன் பெருகுகிறது. லைக்கனைச் சுரண்டுவதற்குச் செலவிடும் கூலியை, கிளை ஏன் காய்கிறது என்று வேரிலும் தண்டிலும் பார்ப்பதற்குச் செலவிட்டால் மரம் பிழைக்கும்.

காட்டில் அதன் வேலை

1. நீரையும் சத்தையும் பிடித்தல். மூடுபனியிலிருந்து ஈரத்தை வாங்குகிறது, மழைநீரிலும் தூசியிலும் வரும் தாதுக்களைச் சேர்க்கிறது. காற்றில் ஒடிந்து விழும் மடல்கள் மக்கி அந்தச் சத்தை மண்ணுக்குக் கொடுக்கின்றன. நீலப்பச்சைப் பாசியைக் கொண்ட லைக்கன்கள் காற்றின் நைட்ரஜனையும் பிடித்துத் தருகின்றன. கல்பாசியில் இருப்பது பச்சைப் பாசி என்பதால் அந்த வேலை அதற்கு இல்லை.

2. இடமும் இரையும். மடல்களுக்கு அடியில் உண்ணிகள், வால்துள்ளிகள், சிலந்திகள், நத்தைகள் என்று ஒரு சிற்றுலகமே குடியிருக்கிறது. அவற்றைத் தேடிப் பூச்சியுண்ணும் பறவைகள் கிளைகளைக் கிளறுகின்றன. சில பூச்சிகளின் இறக்கை லைக்கன் படர்ந்த பட்டையோடு கண்ணுக்குப் பிரித்தறிய முடியாதபடி ஒன்றிப்போகும்.

3. கூட்டுக்குப் பூச்சு. மின்சிட்டுகள் தம் கிண்ணக் கூட்டின் வெளிப்புறத்தில் சிலந்தி நூலால் லைக்கன் துணுக்குகளை ஒட்டிவைக்கின்றன. கீழிருந்து பார்த்தால் கிளையில் ஒரு கணு மாதிரிதான் தெரியும். கூடு கண்டுபிடிப்பதில் தேர்ந்த கண்களையும் அது ஏமாற்றிவிடும்.

4. குளிர்கால உணவு. இமயத்தில் பனி மூடியபின் கஸ்தூரி மான் மரங்களில் தொங்கும் லைக்கன்களைத் தின்கிறது. வட ஐரோப்பாவில் பனிமான்கள் பனியைக் குளம்பால் தோண்டித் தரை லைக்கன்களை உண்கின்றன.

காற்றில் இருப்பதெல்லாம் உள்ளே

வேரும் தோலும் இல்லாத உயிர் தன்மேல் விழுவதை வடிகட்ட முடியாது. நல்ல தாது கரைந்து வந்தாலும் ஈயம் கரைந்து வந்தாலும் ஒன்றுபோல் உள்ளே போகும். மரம் ஆண்டுதோறும் இலையை உதிர்த்துக் கழிவை வெளியேற்றும். லைக்கன் எதையும் உதிர்க்காமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைக்கும்.

இதை முதலில் கண்டவர்களில் ஒருவர், ஷ்வெண்டனரை எதிர்த்த அதே நைலாண்டர். பாரிஸ் நகர்ப் பூங்காவின் மரங்களில் லைக்கன்கள் இருப்பதையும் இல்லாததையும் வைத்துக் காற்றின் தரத்தை அளக்கலாம் என்று 1866இல் எழுதினார். லைக்கன் எதனால் ஆனது என்பதில் தவறியவர், அது எதைக் காட்டுகிறது என்பதில் காலத்தை முந்திக்கொண்டார். 1970இல் டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் ஃபிரான்சிஸ் ரோஸும் இங்கிலாந்தில் எந்தெந்த லைக்கன் வளர்கிறது என்பதைக் கொண்டே கந்தக டை ஆக்சைடின் அளவைக் கணிக்கும் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். நிலக்கரிப் புகை குறைந்த பின் அந்நாட்டின் பல பகுதிகளில் மரங்களுக்கு லைக்கன்கள் திரும்பின. திரும்பியவற்றில் நம் கல்பாசி இனமும் உண்டு. இந்திய நகரங்களில் இந்த வேலைக்கு, சமவெளி வெயிலையும் புகையையும் ஓரளவு தாங்கும் பிக்சீன் கோகோயிஸ் என்ற லைக்கனை லக்னோ ஆய்வாளர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சேர்த்துவைக்கும் இந்தக் குணத்தின் கடுமையான பாடம் 1986இல் வந்தது. செர்னோபில் அணு உலை வெடித்தபின் மழையோடு இறங்கிய கதிரியக்க சீசியத்தை நார்வே, ஸ்வீடன் நாடுகளின் லைக்கன்கள் உறிஞ்சிக்கொண்டன. அவற்றைத் தின்ற பனிமான்களின் இறைச்சி உண்ணத் தகுதியற்றதாகிப் பெருமளவில் கழிக்கப்பட்டது. மான் வளர்ப்பையே வாழ்வாகக் கொண்ட சாமி மக்கள் அந்த ஆண்டில் பட்ட துயரத்துக்கு அவர்கள் காட்டில் ஒரு புகைக்குழாயும் காரணமாக இருக்கவில்லை.

அப்படியானால் சாப்பிடலாமா?

சமையலில் பழகிவந்த கல்பாசியை, பழகிய அளவில் சாப்பிடலாம். அஞ்சத் தேவையில்லை, கவனம் தேவை.

1. ஒரு சட்டிக் குழம்புக்கு இரண்டு மூன்று துண்டுகள்தான் போடுகிறோம். எடை ஒரு கிராம்கூட வராது. அதனால் உலோகக் கலப்பு இருந்தாலும் உடலுக்குள் போகும் அளவு சிறிது. கல்பாசியைத் தூளாக்கிக் கஷாயமாகவும் மருந்தாகவும் நாள்தோறும் கரண்டிக் கணக்கில் உட்கொள்ளும்போது இந்தக் கணக்கு மாறிவிடும்.

2. கழுவினால் மேல்தூசும் மண்ணும் போகும். உள்ளே ஊறிய உலோகம் கழுவலில் போகாது. ஆகவே எங்கே பறித்தது என்பதுதான் முக்கியம். நெடுஞ்சாலையோர மரத்திலிருந்தும் தொழிற்சாலைக்குப் பக்கத்திலிருந்தும் யாரும் பறித்துச் சமைக்கக் கூடாது.

3. லைக்கன் எல்லாமே உணவல்ல. ஓநாய்களுக்கு நஞ்சு வைக்க ஐரோப்பியர்கள் பயன்படுத்திய மஞ்சள் லைக்கனும் உண்டு. அஸ்னியா போன்றவற்றில் இருக்கும் அஸ்னிக் அமிலம், உடல் எடை குறைப்பு மாத்திரைகளாக விற்கப்பட்டபோது கல்லீரலைக் கெடுத்தது. மலையில் சுற்றுலா போன இடத்தில் பாறையில் கண்டதையெல்லாம் கல்பாசி என்று பறித்துவருவது வேண்டாத துணிச்சல்.

4. பூஞ்சை என்ற சொல்லைக் கண்டு கெட்டுப்போன பொருள் என்று எண்ண வேண்டாம். காளானும் பூஞ்சைதான். கல்பாசி கெட்டிருந்தால் ஈரப்பிசுக்கும் முடைநாற்றமும் காட்டும். நல்லது மொறுமொறுவென்று ஒடியும்.

மணம் எப்படி வருகிறது?

உலர்ந்த கல்பாசியை முகர்ந்தால் பெரிதாக எதுவும் தெரியாது. லேசான மண்வாசம், அவ்வளவுதான். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும்தான் மரப்புகையும் ஈர மண்ணும் கலந்த மணம் எழும். காரணம், லைக்கன் தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் கசப்பு அமிலங்கள். அட்ரனோரின் போன்றவை மேல்புறணியில் படிகங்களாகப் படிந்து வெயிலைத் தடுக்கின்றன. இவை தம்மளவில் மணமற்றவை. சூட்டில் உடையும்போது சிறு மூலக்கூறுகளாகப் பிரிகின்றன, மணப்பது அவைதான். எண்ணெய் அவற்றைக் கரைத்துக் குழம்பெங்கும் கொண்டுபோகிறது. கொதிக்கும் குழம்பில் கடைசியில் தூவினால் மணம் எடுபடாததற்கு இதுவே காரணம். எண்ணெயில் முதலில் போட வேண்டும், கருகும்முன் மற்றவற்றைச் சேர்க்க வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் ஹினா அத்தர் வடிப்பவர்களும் சரீலா என்ற பெயரில் இதைத்தான் மூலிகைகளோடு காய்ச்சுகிறார்கள். ஐரோப்பிய வாசனைத் தொழிலில் ஓக் மரத்து லைக்கனுக்கு நூற்றாண்டுப் புகழ் உண்டு. அதன் சாற்றில் இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் தோல் ஒவ்வாமை தருபவை என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அழகுப்பொருள்களில் அவற்றைத் தடைசெய்தது. அந்தத் தடை தோலில் பூசுவதைப் பற்றியது. ஆயினும் லைக்கன்களை நாள்முழுதும் கையால் உரிக்கிறவர்களுக்கும் மரம் வெட்டுகிறவர்களுக்கும் தோல் அரிப்பு வருவது மருத்துவத்தில் அறியப்பட்ட ஒன்று. பறிக்கிறவர்களின் கைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வளரும் வேகமும் பறிக்கும் வேகமும்

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. உள்ளங்கை அகலமுள்ள, அதாவது 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மடலை எடுத்துக்கொள்வோம். நடுவிலிருந்து விளிம்புக்கு 5 சென்டிமீட்டர். ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் வளர்ந்தது என்று வைத்தால் அதன் வயது ஏறத்தாழ 17. தாராளமாக 5 மில்லிமீட்டர் என்றாலும் 10 ஆண்டு. உரித்தெடுக்கச் சில நொடி. உலர்ந்தபின் பஞ்சுபோல் எடையற்றுப் போவதால் ஒரு கிலோ சேர்ப்பதற்கே எத்தனையோ கிளைகளைத் தேட வேண்டியிருக்கிறது.

தேவையோ தமிழ்நாட்டுச் சமையலோடு நிற்கவில்லை. மராட்டியக் கோடா மசாலா, ஹைதராபாத் பொட்லி மசாலா, அத்தர், தூபம் என்று நாடெங்கும் போகிறது. உத்தராகண்டில் மலைக்கிராம மக்களுக்கு இது ஒரு பக்கவருமானம். அவர்கள் பறிப்பதை மூலிகைச் சந்தைகள் வழியே வியாபாரிகள் வாங்குகிறார்கள். மரத்தடியில் நிற்கும் மக்களுக்குக் கிடைக்கும் தொகைக்கும் மளிகைக் கடையில் சிறு பொட்டலத்துக்கு நாம் கொடுக்கும் விலைக்கும் இடையே பல கைகள் இருக்கின்றன. விலை குறைவாக வந்தால் அவர்கள் அதிகமாகப் பறிக்க வேண்டியிருக்கும். பச்சை ஓக் கிளையையே வெட்டிச் சாய்த்து, லைக்கனை உரித்துக்கொண்டு, கிளையை விறகாக்குவதும் நடக்கிறது. அப்போது போவது அந்த ஆண்டின் கல்பாசி மட்டுமன்று. அடுத்த தலைமுறை வந்து ஒட்ட வேண்டிய இடமும் போகிறது.

தோட்டத்தில் பயிரிடலாமே என்ற கேள்விக்கு அகமஜியன் சோதனையே விடை. ஆய்வகத் தட்டில் துளித்துளியாக வளர்ப்பது வேறு, கிலோக் கணக்கில் அறுவடை செய்வது வேறு. இன்றுவரை சந்தைக்கு வரும் கல்பாசி முழுவதும் காட்டிலிருந்து எடுத்ததே.

ஆகவே எடுக்கும் முறையில்தான் எதையாவது செய்ய முடியும். காற்றிலும் மழையிலும் ஒடிந்து தரையில் கிடக்கும் கிளைகளிலிருந்து எடுப்பது முதல் வழி. மரத்தில் ஏறி எடுத்தாலும் மடலின் ஒரு பகுதியையும் உச்சிக் கிளைகளையும் விட்டுவைப்பது இரண்டாவது. விட்டுவைத்த விளிம்பின் வெண்பொடிதான் அடுத்த கிளைக்குப் போகும் நாற்று. ஒரு சரிவில் எடுத்தபின் சில ஆண்டுகள் அதைத் தொடாமல் சுற்றுமுறையில் செல்வது மூன்றாவது. கிளை வெட்டுவதைத் தடுப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். பழைய மரம் நின்றால்தான் அதன் மேல் பத்தாண்டு, இருபதாண்டு மடல் விரிய நேரம் இருக்கும்.